ஓரத்தில் நின்ற பெரியம்மா

எங்கள் வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு போட்டோ இருக்கிறது. சட்டம் போட்டு, கண்ணாடி போட்ட போட்டோதான். ஆனால் ஒரு நாளும் அது சுவருக்கு வந்ததில்லை.

2017-ம் வருஷம் என் தங்கையின் சீமந்தத்தன்று எடுத்த படம் அது. எடுத்தது அடியேன். சின்ன ஹாலில் இருபத்திரண்டு பேர். எல்லாரும் படத்தில் விழுந்தாக வேண்டுமே என்று, தெரிந்தவர் ஒருவரிடம் 20 மி.மீ. அகலக் கோண லென்ஸை இரவல் வாங்கி வந்திருந்தேன். எல்லாரும் விழுந்தார்கள். எங்கள் ஹால் கல்யாண மண்டபம் போல விசாலமாகத் தெரிந்தது. எனக்கு ஒரே பெருமை!

பிரிண்ட் வந்ததும் முதலில் பெரியம்மாவிடம்தான் நீட்டினேன். படத்தில் அவள் இடது கோடியில் நின்றிருந்தாள். பெரியப்பா காலமான பிறகு எந்த விசேஷத்திலும் அவளுக்கு அதுதான் இடம். "நான் இங்கேயே நிற்கிறேண்டி" என்று தானாகவே ஒதுங்கிக் கொள்வாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தாள். நடுவில் இருந்தவர்கள் எல்லாம் சரியாக இருந்தார்கள். பெரியம்மாவின் முகம் மட்டும் பறங்கிக்காய் மாதிரி பக்கவாட்டில் இழுபட்டிருந்தது.

"ஏண்டி, நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறு வருஷம் பெரியம்மா போய்விட்டாள். அவளுடைய நல்ல படம் ஒன்று வேண்டும் என்று வீடு முழுவதும் தேடினோம். கடைசியாக எடுத்தது அந்தப் படம்தான்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? எதிர் ஃபிளாட்டுப் பெண்தான் காரணம்.

மூன்று லென்ஸும் மூன்று நாள் கெடுவும்

போன மாதம் ஒரு நாள் மாலை அவள் ஒரு துணிப்பையோடு வந்தாள். பையிலிருந்து மூன்று லென்ஸ்களை எடுத்து என் சாப்பாட்டு மேஜைமேல் வரிசையாக வைத்தாள். 20, 28, 35. மூன்றும் பழையவை, கையால் திருப்பி ஃபோகஸ் செய்ய வேண்டியவை.

"தெரிந்த கடை அக்கா. முன்பணம் கட்டி வாங்கி வந்திருக்கிறேன். மூன்று நாளைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்குச் சதாபிஷேகம். மண்டபம் எல்லாம் வேண்டாம், வீட்டிலேயே போதும் என்று சொல்லிவிட்டார். பதினெட்டுப் பேர். எந்த லென்ஸ் அக்கா நல்ல லென்ஸ்?"

"அது அப்புறம். முதலில் உங்கள் ஹால் எத்தனை அடி, சொல்லு" என்றேன்.

அவள் விழித்தாள். லென்ஸைப் பற்றிக் கேட்டால் ஹாலைப் பற்றிக் கேட்கிறாளே என்று தோன்றியிருக்கும். ஆனால் அகலக் கோண லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகுமுன் எடுத்துக்கொண்டு போக வேண்டியது அளவு நாடாதான்.

36-ஐ வகுத்தால் போதும்

லென்ஸின்மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண் குறையக் குறைய, அது பார்க்கும் அகலம் கூடும். எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. பழைய 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அகலம் 36 மி.மீ. இன்றைய முழு அளவு டிஜிட்டல் காமிராக்களிலும் படம் விழும் சில்லு அதே அகலம்தான். அந்த 36-ஐ லென்ஸின் எண்ணால் வகுத்து, நீங்கள் நிற்கும் தூரத்தால் பெருக்குங்கள். எத்தனை அடி அகலம் படத்தில் விழும் என்று தெரிந்துவிடும்.

பத்தடி தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண 50 மி.மீ. லென்ஸில் 7 அடி அகலம் விழும். 35-ல் 10 அடி. 28-ல் சுமார் 13 அடி. 24-ல் 15 அடி. 20-ல் 18 அடி.

இதைப் பார்த்ததும், "அப்படியானால் 20-ஐயே வாங்கிவிடலாமே! எதற்கும் இருக்கட்டும்!" என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதன் பலனைப் பெரியம்மா அனுபவித்தாள்.

ஒன்று கவனிக்க வேண்டும். எல்லாக் காமிராவிலும் சில்லு அவ்வளவு பெரியதல்ல. பல காமிராக்களில் அது ஒன்றரைப் பங்கு சிறியது. அவற்றில் 28 லென்ஸைப் போட்டால் 42 மாதிரிதான் நடந்துகொள்ளும். 20-ஐப் போட்டால் 30 மாதிரி. இன்னும் சிறிய 'மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ்' வகையில் எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். அகலமான லென்ஸ் என்று ஆசையாக வாங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தால் அகலத்தைக் காணோம் என்று தவிக்கிறவர்கள், இந்தக் கணக்கை விட்டவர்கள்தான். எதிர் ஃபிளாட்டுப் பெண்ணின் காமிரா முழு அளவு. அதனால் கணக்கு நேராகப் போயிற்று.

பறங்கிக்காய் முகத்தின் ரகசியம்

ஓரத்தில் நிற்பவர் முகம் ஏன் இழுபடுகிறது? லென்ஸ் மட்டமானது என்று நினைக்காதீர்கள். உலகத்திலேயே உயர்ந்த லென்ஸும் அதைத்தான் செய்யும்.

சுவர், தூண், கதவு எல்லாம் படத்தில் நேர்கோடாகவே விழ வேண்டும் என்று லென்ஸைச் செய்கிறார்கள். நேர்கோடு நேராக இருக்க வேண்டுமென்றால், சாய்வாக வரும் ஒளி தட்டையான சில்லில் நீண்டு விழுந்தே தீரும். சாயங்கால வெயிலில் நம் நிழல் நீள்வதில்லையா, கிட்டத்தட்ட அதே சமாசாரம். கோடு பிழைக்கிறது, ஓரத்தில் இருக்கும் உருண்டையான முகம் அகலமாகிறது.

எவ்வளவு அகலமாகிறது என்பதையும் கணக்குப் போட்டுச் சொல்லலாம். படத்தின் பக்க விளிம்பில் இருக்கும் முகம், 35 லென்ஸில் எட்டில் ஒரு பங்கு அகலமாகும். 28-ல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 24-ல் கால் பங்கு. 20-ல் மூன்றில் ஒரு பங்கு! எட்டில் ஒரு பங்கு என்றால் பார்ப்பவர்கள் மன்னிப்பார்கள். மூன்றில் ஒரு பங்கை யார் மன்னிப்பார்கள்?

செல்போனில் எடுப்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலான செல்போன்களின் பிரதானக் காமிரா 24-க்கும் 28-க்கும் இடைப்பட்ட அகலம்தான். அதில் '0.5' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதைத் தட்டினால் 20-ஐயும் தாண்டிய அகலத்துக்குப் போய்விடும். கூட்டமாக நிற்கும்போது அந்தப் பொத்தானைத் தட்டுமுன் ஓரத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல சேதியும் ஒளிந்திருக்கிறது. முகம் இழுபடுவது லென்ஸின் எண்ணை மட்டும் பொறுத்ததல்ல. அந்த ஆள் உங்களுக்கு எவ்வளவு பக்கவாட்டில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. நீங்கள் பின்னால் போகப் போக எல்லாரும் நடுவை நோக்கி வந்துவிடுவார்கள். 20 லென்ஸிலேயே நடுவில் நிற்பவர் முகம் கெடுவதில்லை.

ஆகவே, லென்ஸ் அகலமாவதற்கு முன் காமிராக்காரர் பின்னால் போக வேண்டும். போக இடமே இல்லாதபோதுதான் அகலமான லென்ஸைக் கையில் எடுக்க வேண்டும்.

பால்கனிக் கதவைத் திற!

இருவருமாக அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம். அவளுடைய அம்மா, "சோபா இருக்கும் நீளச் சுவரில்தானே எல்லாரையும் நிறுத்துவோம்!" என்றார். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்கிறோம்.

அப்படி நிறுத்தினால் என்ன ஆகும்? ஆட்கள் நிற்க மூன்று அடி, காமிராவுக்கு ஓர் அடி. மிச்சம் ஏழு அடிதான். ஒன்பது ஒன்பது பேராக இரண்டு வரிசை என்றால் 14 அடி அகலம் வேண்டும். ஏழு அடியிலிருந்து 20 லென்ஸுக்குக்கூட 12½ அடிதான் எட்டும். கோடியில் நிற்பவருக்கு முகமும் இழுபடும், தோளும் வெட்டுப்படும்.

"குறுகின சுவர்ப் பக்கம் உட்கார வையுங்கள். ஆறு ஆறு பேராக மூன்று வரிசை. முன்வரிசை நாற்காலியில், நடுவரிசை நின்று, பின்வரிசை பெஞ்சுமேல். நீ பால்கனிக் கதவைத் திறந்து வெளியே போய் நில்" என்றேன்.

நாடாவைப் பிடித்தோம். முன்வரிசைக்கும் காமிராவுக்கும் 12 அடி. ஆறு பேரின் அகலம் 10 அடி. ஓரத்து முகம் இழுபடுவது பன்னிரண்டில் ஒரு பங்கு; கண்ணுக்கே தெரியாது. போதாக்குறைக்கு, பால்கனி வெளிச்சம் எடுப்பவர் முதுகுப் பக்கமிருந்து வந்து எல்லார் முகத்திலும் விழுகிறது.

20 லென்ஸ் அப்போதே துணிப்பைக்குத் திரும்பியது.

35-ஆ, 28-ஆ?

12 அடியிலிருந்து 35 லென்ஸ் 12 அடிக்குச் சற்று மேல் அகலம் பார்க்கும். 28 லென்ஸ் 15 அடிக்குச் சற்று மேல். பத்தடிக் கூட்டத்துக்கு இரண்டுமே போதும். குரூப் போட்டோ ஒன்றுதான் வேலை என்றால் 35-ஐச் சொல்லியிருப்பேன். அதில் ஆட்கள் பெரிதாக விழுவார்கள். வீணாகப் போகும் இடம் குறைவு.

ஆனால் விசேஷம் என்றால் குரூப் மட்டுமா? பூஜை அறையில் கலசம், சமையலறையில் நாலு பேர், வாசலில் கோலம், தாத்தா தலையில் தீர்த்தம் விழும் கணம். அங்கேயெல்லாம் பின்னால் போக இடமில்லை. அதற்கு 28 சௌகரியம். குரூப்பிலும் இரு பக்கமும் இரண்டரை அடி காலியாக விட்டுப் பிற்பாடு வெட்டிக்கொள்ளலாம். "28-ஐ வைத்துக்கொள். ஆனால் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே. இரண்டடியில் எடுத்தால் தாத்தாவின் மூக்குதான் முன்னால் வரும்" என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன். காமிராவை மார்பு உயரத்தில், மட்டமாகப் பிடிக்க வேண்டும். அகலக் கோண லென்ஸை அண்ணாந்து பிடித்தால் சுவரும் கதவும் பின்னால் சரிந்து விழுகிற மாதிரி தெரியும்.

கையால் திருப்புவதில் என்ன லாபம்?

"தானாக ஃபோகஸ் ஆகிற லென்ஸ் இருக்கும்போது இது எதற்கு?" என்று அவள் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஓடுகிற குழந்தையை எடுக்க வேண்டுமானால் தானாக ஃபோகஸ் ஆவதுதான் நல்லது. ஆனால் அகலக் கோணத்தில் கைவேலை அவ்வளவு கஷ்டமில்லை.

28 லென்ஸில் துவாரத்தை எஃப் 8-க்குக் குறைத்து, தூர வளையத்தை ஏறக்குறைய 11 அடியில் வைத்துவிட்டால், ஐந்தரை அடியிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம்! 35 லென்ஸில் அதே எஃப் 8-க்கு 17 அடியில் வைக்க வேண்டும். எட்டரை அடியிலிருந்துதான் தெளிவு. 50-ல் 17 அடிக்கு இப்பால் இருப்பவர்கள் மங்கிவிடுவார்கள். கிட்டேயும் தூரத்திலும் ஒருங்கே தெளிவாகக் காட்டும் இந்தக் குணத்தைத்தான் 1941-ல் வந்த 'ஸிட்டிஸன் கேன்' படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டு அழகாகப் பயன்படுத்தினார்.

இந்தக் கணக்கு, சுமாரான அளவில் பிரிண்ட் போட்டுப் பார்ப்பதற்கானது. பெரிதாக்கிச் சுவரில் மாட்டப் போகிறீர்கள் என்றால், காமிராத் திரையில் படத்தைப் பெருக்கிப் பார்த்து, நடு வரிசையில் ஒருவர் கண்ணுக்கு ஃபோகஸ் செய்துவிட்டு எடுப்பது உத்தமம்.

கண்ணாடிக்குப் பின்னால் வந்த கண்ணாடி

பழைய லென்ஸ் புதுக் காமிராவில் பொருந்துமா? பொருந்தும். அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

எஸ்.எல்.ஆர். என்ற காமிராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடும். அதற்கு இடம் விட வேண்டுமென்பதால் லென்ஸ் ஃபிலிமிலிருந்து 42 முதல் 46 மி.மீ. வரை தள்ளி உட்கார வேண்டியிருந்தது. 28 மி.மீ. லென்ஸ் அவ்வளவு தள்ளி நின்றால் சாதாரண அமைப்பில் படமே விழாது. இந்தச் சிக்கலுக்குப் பாரிஸ் நகரில் பியர் ஆஞ்ஜெனியூ வழி கண்டார். 1950-ல் அவருடைய 35 மி.மீ. 'ரெட்ரோஃபோகஸ்' லென்ஸ் வந்தது. கிழக்கு ஜெர்மனியில் ஸைஸ் யேனாவின் 'ஃப்ளெக்டகன்' அதே காலத்தது. ஸோவியத் நாட்டின் 37 மி.மீ. 'மிர்-1' லென்ஸ் 1958-ல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் பெரிய பரிசு வாங்கியது. அகலக் கோண லென்ஸ்களில் கிட்டத்தில் வைத்து எடுத்தால் ஓரம் மங்கும் குறை இருந்தது. ஃபோகஸ் செய்யும்போது உள்ளே கண்ணாடிகளின் இடைவெளியும் மாறும்படி செய்து, 1967-ல் தன் 24 மி.மீ. லென்ஸில் நிக்கான் அதைப் போக்கியது.

இன்றைய 'மிரர்லெஸ்' காமிராக்களில் அந்த ஆடுகண்ணாடி இல்லை. லென்ஸ் வாய்க்கும் சில்லுக்கும் இடையே 16 முதல் 20 மி.மீ. வரைதான் இடைவெளி. ஆகவே நடுவில் 'அடாப்டர்' என்ற உலோக வளையத்தைப் போட்டால், எஸ்.எல்.ஆருக்குச் செய்த பழைய லென்ஸ் தன் பழைய தூரத்தில் சுகமாக உட்கார்ந்துகொள்ளும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

28-லேயே எஃப் 2, எஃப் 2.8, எஃப் 3.5 என்று மூன்று தினுசு கிடைக்கும். எஃப் 2 லென்ஸ், 2.8-ஐப் போல இரு மடங்கு வெளிச்சம் வாங்கும். எடையும் விலையும் அதற்கேற்றபடி. குரூப் எடுக்க எப்படியும் 5.6-க்கோ 8-க்கோ குறைக்கத்தான் போகிறோம். குடும்ப உபயோகத்துக்கு 2.8 போதும். 3.5-ம் தாழ்வில்லை. ஒலிம்பஸின் 28 எஃப் 3.5, பென்டாக்ஸ் டாகுமாரின் 28 எஃப் 3.5 இரண்டும் சிறிய, நல்ல லென்ஸ்கள். கிட்டத்தில் வைத்து எடுக்கும் ஆசை உண்டென்றால் 1981-ல் வந்த நிக்கானின் 28 எஃப் 2.8 ஏ.ஐ-எஸ் லென்ஸைப் பாருங்கள். 20 செ.மீ. வரை நெருங்கும்.

கடையில் லென்ஸைக் கையில் வாங்கியதும், பின்னாலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தோல் உறைக்குள் பூட்டி வைத்த லென்ஸ்களுக்கு வரும் வியாதி. தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். துவாரத்தின் தகடுகளில் எண்ணெய் மினுக்குகிறதா, வளையம் தேன் போல வழுக்கிச் சுழல்கிறதா, அடாப்டர் உங்கள் காமிராவுக்கு உள்ளதுதானா என்றும் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

சதாபிஷேகத்துக்கு நானும் போயிருந்தேன். பதினெட்டுப் பேரும் குறுகின சுவர்ப் பக்கம் வரிசையாக அமர்ந்தாயிற்று. பால்கனியில் முக்காலிமேல் காமிரா. அப்போதுதான் சமையலறையிலிருந்து அவளுடைய அத்தை, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நான் இந்த ஓரத்திலேயே நின்னுக்கறேன்" என்று ஒதுங்கினாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தொண்டையை அடைத்தது.

நான் வாயைத் திறக்குமுன் அந்தப் பெண், "ஓரம் எல்லாம் கிடையாது அத்தை. லென்ஸ் கணக்கு! நீங்கள் தாத்தாவுக்கு நேர் பின்னால்" என்று அதட்டினாள். லென்ஸ் கணக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். பன்னிரண்டடியில் ஓரத்தில் நின்றாலும் ஒன்றும் கெட்டுப் போயிருக்காது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பிரிண்ட் கொண்டுவந்து காட்டினாள். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் பின்னால், நட்ட நடுவில் அத்தை. கையில் கரண்டியை வைத்துவிட்டு வர மறந்துபோயிருக்கிறாள்.

அன்றிரவு பீரோவைத் திறந்து எங்கள் படத்தை எடுத்தேன். இழுபட்ட முகத்தைக் கம்ப்யூட்டரில் சரி செய்ய இப்போது வழி இருக்கிறது. செய்து பார்த்தேன். பெரியம்மாவின் முகம் பழைய முகமாகிவிட்டது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த கதவு நிலை மட்டும் வில்லாக வளைந்துவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று, அதையே பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன்.

வருகிறவர்கள், "கதவு ஏன் கோணலாக இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். பெரியம்மாவைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.